செம்பருத்தியில் ஏன் முட்டை இல்லை? கடலூர் மொட்டைமாடியில் செய்து பார்த்தவை

கறிவேப்பிலையில் புழு வருவது ஒரு செய்தியே இல்லை. மழை ஓய்ந்து துளிர் விட்டதும் இலை மேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த சில நாட்களில் அது கொழுத்த பச்சைப் புழுவாகி, கிளையை வெறும் ஈர்க்காக்கிவிட்டுப் போகும். எனக்கு விசித்திரமாகப் பட்டது அதற்குப் பக்கத்துத் தொட்டிதான். அதில் செம்பருத்தி. கறிவேப்பிலைக் கிளை அதன் மேலேயே சாய்ந்து கிடக்கிறது. செம்பருத்தி இலை மெத்தென்று இருக்கும், ஆடு கண்டால் விடாது. ஆனால் அதில் அந்தப் புழுவின் தாயான வண்ணத்துப்பூச்சியின் முட்டை ஒன்றுகூட இல்லை. அதைத் தாண்டி இருக்கும் எலுமிச்சைக் கன்றில் உண்டு. அதாவது, பூச்சி நடுவிலுள்ள தொட்டியை விட்டுவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மட்டும் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

எப்படித் தெரிகிறது அதற்கு? இதைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு விடாமல், வீட்டுச் சாமான்களை வைத்து எவ்வளவு தூரம் செய்து பார்க்க முடியும் என்று இறங்கினேன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். மொட்டைமாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. கடல் பக்கத்தில் என்பதால் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிடும், அப்புறம் வண்ணத்துப்பூச்சி எதுவும் நிதானமாக உட்காராது. அதனால் வேலையெல்லாம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். இதைச் செய்ய நினைப்பவர்கள் தை, மாசியில் ஆரம்பிப்பது நல்லது. வடகிழக்கு மழைக்குப் பிறகு துளிர் நிறைய இருக்கும், பூச்சியும் நிறைய வரும்.

ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி. பாப்பிலியோ டெமோலியஸ் என்பது அறிவியல் பெயர். கறுப்பில் வெளிர் மஞ்சள் திட்டுகள், பின் இறக்கையின் கீழ் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, வால் கிடையாது. கறிவேப்பிலைக்கு வரும் இன்னொன்று கறிவேப்பிலை அழகி, அதற்கு வால் உண்டு. இரண்டுக்கும் வேண்டியது ஒரே குடும்பம்தான்: எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை, வில்வம், விளா எல்லாம் தாவரவியலில் நெருங்கிய சொந்தம். கறிவேப்பிலையும் விளாமரமும் ஒரே குடும்பம் என்று பார்த்த மாத்திரத்தில் நாம் சொல்லமாட்டோம். பூச்சிக்கு அதில் சந்தேகமே வருவதில்லை.

முதலில் சும்மா பார்த்தது

தேன் தேடி வரும் பறத்தலும் முட்டை வைக்க வரும் பறத்தலும் வேறு வேறு. இட்லிப்பூவுக்கு வரும்போது நேராக, வேகமாக வரும். முட்டை வைக்க வந்த பெண் பூவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இலைகளை ஒட்டி மெதுவாகத் தத்தித் தத்திப் பறக்கும். இதில் நான் எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. அது நேராகக் கறிவேப்பிலைக்குப் போவதில்லை. கொய்யாவைத் தொடும், செம்பருத்தியைத் தொடும், கீரை ட்ரேயைத் தொடும், ஒருமுறை பச்சை பிளாஸ்டிக் வாளியின் விளிம்பையும் தொட்டது. தொட்ட வேகத்தில் கிளம்பிவிடும். தூரத்திலிருந்தே வாசனை பிடித்துக் குறிபார்த்து வந்து இறங்குகிறது என்று நான் வைத்திருந்த படம் அங்கேயே உடைந்தது.

போனில் ஸ்லோ மோஷன் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தத் தொடுதலில் என்ன நடக்கிறது என்று புரிந்தது. இறக்கை அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. உடல் பாரம் இலையில் முழுதாக இறங்கவில்லை. முன்னங்கால் இரண்டும் மாறி மாறி இலையைத் தட்டுகின்றன, தவில் வாசிக்கும் கை போல. செம்பருத்தியில் ஓரிரண்டு தட்டு, கிளம்பிவிட்டது. எலுமிச்சைத் துளிரில் தட்டல் நீள்கிறது, அப்புறம் வயிற்று நுனி உள்பக்கமாக வளைந்து இலையின் ஓரத்தைத் தொடுகிறது. காலை எடுத்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிர் மஞ்சள் உருண்டை. ஒரு இடத்தில் ஒன்றுதான். உடனே அடுத்த இலை.

அந்தக் காலில் சுவை பார்க்கும் மயிர்கள் இருக்கின்றன. பெண்ணின் முன்னங்கால் பாதத்தில் அவை கூட்டமாக இருக்கும். தட்டும்போது இலைப்பரப்பிலுள்ள பொருட்கள் அந்த மயிர்களில் படுகின்றன. இதைத் துல்லியமாக ஆராய்ந்தவர்கள் ஜப்பானியர்கள். அங்குள்ள நெருங்கிய உறவினமான பாப்பிலியோ சூத்தஸ் எலுமிச்சைக் குடும்ப மரங்களில்தான் முட்டை வைக்கும். அதை முட்டையிடத் தூண்டும் பொருட்களை இலைச்சாற்றிலிருந்து 1980களில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரையோடு பிணைந்த ஃபிளேவனாய்டுகள், ஸ்டாகிட்ரின், சினெஃப்ரின் என்று பட்டியல் கிட்டத்தட்ட பத்துக்குப் போகிறது. வேடிக்கை என்னவென்றால் தனித்தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை நடப்பதில்லை. கூட்டாக இருந்தால்தான் பூச்சி நம்புகிறது. 2011இல் சினெஃப்ரினை உணரும் ஏற்பியின் மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் வேலையைக் குறைத்தபோது சினெஃப்ரினுக்கு முட்டையிடும் ஆர்வமும் குறைந்தது.

போலி இலை

காலால்தான் முடிவெடுக்கிறது என்றால், இலையே இல்லாமல் இலையின் சுவையை மட்டும் கொடுத்தால் ஏமாறுமா? இந்தச் சோதனைதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது, அதிக சந்தோஷம் கொடுத்ததும் இதுதான்.

கூண்டுக்கு ஒற்றைக் கட்டில் கொசுவலை போதும். துணிக்கொடியில் மாட்டி, கீழ் ஓரத்தில் செங்கல் வைத்துவிட்டேன். உள்ளே பாதி நிழல் வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி வலையின் உச்சியில் முட்டி முட்டி இறக்கையைக் கிழித்துக்கொள்ளும். செடியில் முட்டை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணையே பிடித்து விட்டால் ஆணா பெண்ணா என்ற குழப்பமில்லை. சாப்பாட்டுக்கு ஒரு பங்கு சர்க்கரை, ஒன்பது பங்கு தண்ணீர், அதில் நனைத்த ஸ்பாஞ்சுத் துண்டு. கூண்டுக்குள் வந்த பூச்சி தானாக அதைத் தேடிப் போகாது. நான்கு இறக்கைகளையும் சேர்த்து விரல் நுனியில் பிடித்து, குண்டூசியால் அதன் சுருண்ட உறிஞ்சுகுழலை மெதுவாக நீட்டி ஸ்பாஞ்சில் வைக்க வேண்டும். ருசி தெரிந்ததும் அது தானே நின்று குடிக்கும். விரலில் ஒட்டும் செதில்தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க மேலே வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, செடியைக் காப்பாத்தப் போறீங்கன்னு நினைச்சேன். நீங்க வலை கட்டி பூச்சிக்குக் குடித்தனம் வெச்சுக் குடுக்குறீங்களே!” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இலைக்கு, அலங்காரத் தோரணத்தில் வருகிற துணி இலைகளை எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் இலையில் சாறு ஒட்டாமல் உருண்டு ஓடும். ஒட்ட வைக்கச் சோப்பு சேர்த்தால் சோப்பின் சுவை சேர்ந்துவிடும். துணி இலையையும் சாயம் போகும்வரை நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. முதலில் கரும்பச்சை, துளிர்ப்பச்சை, மஞ்சள், பழுப்பு என்று நான்கு நிற சார்ட் தாள்களை இலை வடிவில் வெட்டிக் கட்டினேன். முட்டையிடும் மனநிலையிலுள்ள பூச்சி பழுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பச்சைகளைச் சுற்றியே தத்தியது. இதற்கும் பின்னணி உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சர்ட் ஸ்வாலோடெயில் என்ற உறவினத்தை வைத்து ஆய்வாளர் ஆல்முட் கெல்பர் 1999இல் காட்டியது இது: முட்டையிடும் பெண்கள் பச்சையைப் பிரித்தறியச் சிவப்பு ஒளியை உணரும் செல்லையும் பயன்படுத்துகின்றன. சிவப்பு கலந்தால் வேண்டாம் என்று கணக்கு. வாடிய, பழுத்த இலையைத் தள்ளிவைக்க அது உதவும் என்பது என் ஊகம்.

சரி, சாறு. எலுமிச்சையின் இளம் இலை இரண்டு கைப்பிடி, அரை லிட்டர் தண்ணீர், மூடி போடாமல் கால் பங்காகச் சுண்டும்வரை கொதி. மூடி போடாதது காரணத்தோடுதான். எலுமிச்சை இலையின் வாசனை எண்ணெய் ஆவியோடு பெரும்பாலும் போய்விடும். தங்குவது தண்ணீரில் கரையும், வாசனை அதிகமில்லாத பொருட்கள். முகர்ந்தால் வெறும் கஷாய வாடை. ஆக, பூச்சி இதற்கு மசிந்தால் அது மூக்கால் அல்ல, காலால். அதே மாதிரி கறிவேப்பிலைக் கஷாயம், செம்பருத்திக் கஷாயம், அப்புறம் வெறும் தண்ணீர். நான்கையும் வெவ்வேறு துணி இலைகளில் தடவிக் காயவைத்து, இடம் மாற்றி மாற்றிக் கட்டினேன். உண்மையான எலுமிச்சைக் கிளை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. அது இருந்தால் போலியை யாரும் சீண்டுவதில்லை.

வெறும் தண்ணீர் இலையில் தொட்டது, கிளம்பியது. செம்பருத்தி இலையிலும் அதே கதை. எலுமிச்சைக் கஷாயத்தில் தட்டல் தெளிவாக நீண்டது. பல தடவை வயிறு வளைந்து, முட்டை வைக்காமலே நிமிர்ந்தது. அப்புறம் ஒரு காலையில், துணி இலையின் அடிவிளிம்பில், நெசவு நூல் இரண்டுக்கு நடுவே வெளிர் மஞ்சள் உருண்டை. தொட்டுப் பார்த்தேன், ஒட்டியிருந்தது. பின்னாலும் சில கிடைத்தன. கறிவேப்பிலைக் கஷாயத்தில் குறைவு. செம்பருத்தியிலும் தண்ணீரிலும் கிடையாது.

வாசனையை மட்டும் தனியாகக் கொடுத்தும் பார்த்தேன். கசக்கிய எலுமிச்சை இலையை மல்துணியில் முடிந்து, தண்ணீர் தடவிய துணி இலைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அருகே வந்து தத்துவது கொஞ்சம் கூடியது மாதிரி தெரிந்தது. காற்று ஒரே சீராக இல்லாத மாடியில் அதை உறுதியாகச் சொல்லமாட்டேன். முட்டை மட்டும் வரவில்லை. கேரட் குடும்பச் செடிகளில் முட்டை வைக்கும் அமெரிக்கக் கறுப்பு ஸ்வாலோடெயிலில், செடியின் வாசனை இருந்தால் வந்து இறங்குவது கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகக் கண் பச்சையைக் காட்டுகிறது, மூக்கு கொஞ்சம் ஊக்குகிறது, கால் தீர்ப்பு சொல்கிறது. மாடியில் நான் பார்த்தது இந்த வரிசைக்குப் பொருந்தி வருகிறது.

புழுவிடம் கேட்டது

துணியில் பொரித்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்றது. அப்புறம் துணி இலையில் அலைந்தது. தானாக எங்கேயும் போய்ச் சேரும் அளவுக்கு அதற்குக் கால் கிடையாது. எலுமிச்சைத் துளிருக்கு மாற்றிவிட்டேன். இங்கேதான் ஒரு விஷயம் உறைக்கிறது: செடியைத் தேர்ந்தெடுத்தது தாய். புழுவுக்கு இருப்பது ‘சரி’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு பதில்கள்தான்.

அந்தப் பதிலை வாங்க இலைவட்டுச் சோதனை. ஆபீஸ் பஞ்சிங் மிஷினால் இலைகளில் வட்டம் வெட்டினால் எல்லாம் ஒரே அளவில் வரும். வட்டமான பிரியாணி டப்பாவின் அடியில் ஈர டிஷ்யூ விரித்து, வட்டுகளை ஓரமாக மாற்றி மாற்றி அடுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் பட்டினி போட்ட புழுவை நடுவில் விட வேண்டும். மூடியில் ஊசித் துளைகள். தின்ற அளவைக் கண்மதிப்பாகச் சொல்வதில் பயனில்லை. மீதி வட்டைக் கிராப் தாளில் வைத்துப் போட்டோ எடுத்து, மில்லிமீட்டர் கட்டங்களை எண்ணினால் தெரிந்துவிடும். புழுவைத் தொடும்போது தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு மாதிரி ஒன்று பிதுங்கிக்கொண்டு வந்து புளித்த நாற்றம் வீசும். அது பறவை, எறும்புகளை விரட்ட. நமக்கு ஒன்றும் ஆகாது, கையைக் கழுவினால் போதும்.

எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை மூன்றையும் தின்றது. கறிவேப்பிலையில் வளர்ந்த பெரிய புழு எலுமிச்சை வட்டுக்கு வரக் கொஞ்சம் நேரமெடுத்தது, சின்னப் புழு அவ்வளவு யோசிக்கவில்லை. செம்பருத்தியிடம் வந்ததும் தலையை இடமும் வலமும் ஆட்டி, வாயின் கீழ்ப்பகுதியால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, திரும்பிவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இந்தத் தொடுதல் அழகாகத் தெரியும். புழுவின் வாய்க்குக் கீழே இரு பக்கமும் சின்ன முளைகள் உண்டு. பக்கத்துக்கு இரண்டு முக்கியமான சுவை உணரிகள், ஒவ்வொன்றிலும் நான்கு சுவை செல்கள். அவ்வளவுதான் அதன் நாக்கு. 1961இல் பூச்சியியலாளர்கள் வால்ட்பவுரும் ஃப்ரேங்கலும் புகையிலைக் கொம்புப் புழுவின் அந்த முளைகளை அகற்றிப் பார்த்தார்கள். அதுவரை ஒதுக்கிய செடிகளை அது தின்ன ஆரம்பித்தது. வயிறு ஏற்றுக்கொள்ளும் உணவைக்கூட நாக்கு தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

அடுத்தது எலுமிச்சைக் கஷாயம் தடவிய செம்பருத்தி வட்டு. இது நன்றாகப் பேசியது. சில புழுக்கள் ஓரத்தைக் கொறித்தன. ஒன்று அரை வட்டுவரை போய் நிறுத்திக்கொண்டது. கஷாயம் இல்லாத செம்பருத்தியில் பல்குறிகூட இல்லை. அதையே திருப்பிப் போட்டு, நல்ல எலுமிச்சை வட்டில் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு தடவினேன். பசித்த புழு மேலே ஏறி நின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டது. ஆக, வேண்டிய பொருள் இருந்தால் மட்டும் போதாது, வேண்டாத பொருள் இல்லாமலும் இருக்க வேண்டும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த புழு செம்பருத்தியையும் ஒரு கடி கடித்துப் பார்த்தது. பசி அந்தத் தராசின் முள்ளை நகர்த்துகிறது.

வேம்பின் இந்தக் குணத்தை வெட்டுக்கிளியிடம் காட்டியது நம் நாட்டில்தான். 1962இல் டெல்லியில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, பூச்சியியலாளர் பிரதானின் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிர்களில் வெட்டுக்கிளி உட்கார்ந்தும் தின்னவில்லை. பூச்சி சாகவில்லை, சாப்பாடுதான் பிடிக்கவில்லை.

விரட்டும் பொருளே விலாசம்

நான் செய்தது புதிய சோதனை இல்லை. நெதர்லாந்தின் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட் 1910லேயே முட்டைக்கோஸ் வெள்ளைப் பூச்சியின் புழுக்களை வைத்து இதைச் செய்துவிட்டார். அவை ஒதுக்கும் இலையில் கடுகுக் குடும்பச் செடியின் சாற்றைத் தடவினார், தின்றன. கடுகின் காரத்துக்குக் காரணமான சினிக்ரின் என்ற பொருளுக்கும் அதே பலன். அந்தக் காரம் செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருப்பது. பெரும்பாலான பூச்சிகள் அதைக் கண்டு விலகும். அதைச் சமாளிக்கக் கற்ற சிலவற்றுக்கு மட்டும் அதே காரம் செடியின் கதவிலக்கம் ஆகிவிட்டது. செடிகளில் சத்துக்கு உதவாத இத்தனை ரசாயனம் எதற்கு என்ற கேள்விக்கு இந்த வழியில் விடை சொல்லி ஃப்ரேங்கல் 1959இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1964இல் உயிரியலாளர்கள் எர்லிக்கும் ரேவனும் வண்ணத்துப்பூச்சிக் குடும்பங்களையும் செடிக் குடும்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றையொன்று துரத்தியே இரண்டும் கிளைத்திருக்கின்றன என்றார்கள்.

படிக்கப் பெரிதாகத் தெரியும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் மணலில் நிற்கும் எருக்கைப் போய்ப் பார்த்தால் போதும். ஆடு தொடாது, மாடு தொடாது. பால் கண்ணில் பட்டால் எரியும். ஆனால் வெந்தய வரியனின் கோடு போட்ட புழு அதில்தான் கிடக்கும். நீலமும் மஞ்சளுமாக எருக்கு வெட்டுக்கிளியும் அதில்தான். வரியன் புழு இலையைத் தின்னும் முன் நடுநரம்பை கடித்துப் பாலை வடியவிடுவதைப் பொறுமையாக இருந்தால் பார்க்கலாம். அந்தப் பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளுக்குத் தானும் கசப்பாகிவிடுகிறது.

விலாசம் பார்த்து வருகிறவர் தப்பான வீட்டுக்கும் போகக்கூடும். ஆஸ்திரேலியாவின் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற வண்ணத்துப்பூச்சி, தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் அரிஸ்டோலோகியா எலிகன்ஸ் என்ற வெளிநாட்டுக் கொடியில் முட்டை வைக்கும். தன் சொந்தக் கொடியின் நெருங்கிய உறவு என்பதால் காலுக்குச் சரி என்று படுகிறது. பொரித்த புழு அதைத் தின்று செத்துப்போகிறது. தாய் எல்லாம் அறிந்துதான் வைக்கிறது என்ற பேச்சை நான் முழுதாக நம்பாததற்கு இது ஒரு காரணம்.

கூட்டத்தில் ஒளித்து வைத்தது

போகிற வழியில் கொய்யா, வாளி என்று எல்லாவற்றையும் தொடுகிறது என்றேனே, அதைச் செடிக்குச் சாதகமாகத் திருப்ப முடியுமா? இங்கிலாந்தில் ஃபின்ச், கோலியர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் முன்வைத்த விளக்கம் இதைத்தான் சொல்கிறது. முட்டைக்கோஸ் வேர் ஈ, வெறும் மண்ணில் நிற்கும் கோஸ் செடியை எளிதில் பிடித்துவிடும். மண்ணில் இறங்காது, பச்சையில்தான் இறங்கும், அங்கே இருக்கும் ஒரே பச்சை கோஸ். சுற்றிலும் குளோவர் என்ற தீவனச்செடி இருந்தால் பாதித் தடவை தப்பான இலையில் இறங்கும். முட்டை வைக்கும் முன் பல இலைகளில் இறங்கி உறுதிசெய்துகொள்ளும் பழக்கமுள்ள ஈ அது, நடுவில் தப்பான இலை வந்தால் வெறுத்துப் போய்விடும். சுற்றிலும் செடிக்குப் பதில் பச்சைத் தாளை வைத்தாலும் வேலை நடந்தது. அதனால், பக்கத்துச் செடியின் வாசனைதான் பூச்சியை விரட்டுகிறது என்று சொல்லி விற்கப்படும் ‘துணைச்செடி’ப் பட்டியல்களை நான் அவ்வளவாக மதிப்பதில்லை.

கூலிங் பெயின்ட் அடித்த வெள்ளைத் தரை எனக்கு இங்கே வசதியாகப் போயிற்று. ஒரே உயரக் கறிவேப்பிலைக் கன்றுகளில் பாதியை வெள்ளைத் தரையில் தனித்தனியாக வைத்தேன். மீதியை அதே உயரத்துக்குச் சிறுகீரை, பொன்னாங்கண்ணி, துளசித் தொட்டிகளுக்கு நடுவே செருகினேன். வெயில் மூலை, நிழல் மூலை வித்தியாசம் கணக்கைக் கெடுக்காமலிருக்க அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றினேன். முட்டையை அன்றன்றைக்கே எண்ணிவிட வேண்டும், விட்டால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். தனியாக நின்ற கன்றுகளில் எப்போதும் முட்டை கூடுதல். சில வாரங்களில் இரு மடங்குக்கு மேல். நடுவில் இருந்தவை முழுதாகத் தப்பவில்லை. கீரையை அறுத்த வாரம் மறைவு போனதும் வித்தியாசமும் போய்விட்டது.

மல்லாட்டைக் கொல்லையில்

பண்ருட்டிப் பக்கம் சித்தப்பாவுக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை உண்டு. அங்கே வரப்போரம் ஆமணக்கு போடுவது பழைய வழக்கம், வேளாண் துறையும் அதையே சொல்கிறது. காரணம் புகையிலைப் புழு, ஸ்போடாப்டெரா லிடுரா. எலுமிச்சை அழகிக்கு நேர் எதிரான ஆசாமி. நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும், விலாசம் ஒன்றுதான் என்ற பிடிவாதமில்லை. ஆனாலும் ஆமணக்கின் அகல இலை கிடைத்தால் அந்துப்பூச்சி அதைத்தான் முதலில் நாடுகிறது. இலைக்கு அடியில் பழுப்பு மயிரால் போர்த்தி, நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக வைத்துவிடும்.

“ஆமணக்கு வெச்சாதான்டா புழு கூட வருதுன்னு நம்ம ஊர்ல பாதிப் பேர் சொல்றான். அப்புறம் எதுக்கு வெக்கணும்?” என்றார் சித்தப்பா.

“வெச்சுட்டு அப்படியே விட்டா கூடத்தான் வரும் சித்தப்பா. அந்த இலையைக் கிள்ளி எடுக்கத்தான் வெக்கிறது” என்று, சல்லடையாகிக் கிடந்த ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன். கடுகளவுப் புழுக்கள் கும்பலாகச் சுரண்டிக்கொண்டிருந்தன. பொறிக்குச் செடி வைத்துவிட்டுப் பறிக்க ஆள் வைக்காதவர், புழுவுக்கு நாற்றங்கால் போட்டவர்தான். வாரம் இரண்டு தடவை வரப்பைச் சுற்றி, குவியலும் சல்லடை இலையும் தெரிந்தால் பறித்து மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும். புழு பெரிதாகிப் பிரிந்து போய்விட்டால் பகலில் கண்ணிலேயே படாது.

மாடியில் இப்போதைய ஏற்பாடு இது. கறிவேப்பிலைத் தொட்டிகள் கீரைக்கு நடுவே. ஒரு நார்த்தங்கன்று மட்டும் வெள்ளைத் தரையில் தனியாக, பூச்சி கண்ணில் முதலில் படுகிற இடத்தில். அதில் விழும் முட்டைகளை அப்படியே வளரவிடுகிறேன், எலுமிச்சை அழகிக்கும் இருக்க ஓர் இடம் வேண்டுமே. கறிவேப்பிலையில் துளிர்களை மட்டும் காலையில் திருப்பிப் பார்த்து, முட்டையைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். முற்றிய இலையில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னொன்று, கிளையை ஒரேயடியாக வெட்டினால் மொத்தச் செடியும் ஒரே வாரத்தில் துளிர்க்கும், அது பூச்சிக்குப் பத்திரிகை அடித்து அழைப்பது. சமையலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு பக்கமாகக் கிள்ளினால் அந்தத் தொல்லை குறைகிறது. அக்காவும் இந்தக் கடைசி யோசனையை மட்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். வலைக் கூண்டு அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அடுத்தது வில்வம். கோயில் பிரகாரத்து வில்வத்தில் புழு உண்டு, பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் வில்வக் கஷாயத்தையும் எலுமிச்சைக் கஷாயத்தையும் பக்கத்தில் வைத்து அதே துணி இலையில் பார்க்க வேண்டும். கறிவேப்பிலையில் வளர்ந்த பூச்சிகளைத் தனியாகவும் எலுமிச்சையில் வளர்ந்தவற்றைத் தனியாகவும் விட்டால், வளர்ந்த வீட்டின் ருசி பிறகு முட்டை வைக்கும்போது எட்டிப் பார்க்கிறதா என்பதும் தெரியும். கூட்டுப்புழுக்களைப் பிரித்து வைக்க டப்பா சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.